யாருடைய எலும்பு?

1

முப்பத்தாறு வயதில் ஒரு மாலைநேர ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுப் புத்தகங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். சிற்பங்களைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் 'நளினம்', 'உயிர்ப்பு', 'லயம்' என்று நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறேன் என்ற கூச்சம்தான் காரணம். ஒரு முழங்கை எப்படி மடங்குகிறது என்று தெரியாதவன் நடராஜரின் வீசிய கரத்தைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும்?

முதல் மூன்று மாதம் எலும்புதான். கம்பியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வரைந்து வரைந்து அழித்தோம். என் படத்தைப் பார்த்து ஆசிரியர் சொன்னார்: "சார், நீங்க படிச்சத வரையறீங்க. கண்ணால பாக்கறத வரைங்க." அது சரிதான். விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி என்று படித்திருந்தேன். எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்தேன். கூடு எப்படி வளைந்து மூச்சுக்கு இடம் விட்டு நிற்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை.

நான்காவது மாதம் இரும்பு பீரோவிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு மண்டை ஓட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருத்துவ மாணவர்கள் சீனியரிடமிருந்து ஜூனியர் என்று கைமாற்றிக்கொள்ளும் எலும்பு 'செட்'டில் ஒன்று. எப்படியோ இவரிடம் வந்திருக்கிறது. "இது நெஜ எலும்பு. பிளாஸ்டிக்ல இந்த மேடு பள்ளமெல்லாம் மழுங்கிப் போயிடும்" என்றார். பொட்டெலும்பின் மேல் யாரோ ஒரு மாணவர் நீல மையில் பாகங்களின் பெயர்களைக் குறித்திருந்தார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருந்தன. வகுப்பிலேயே வயது குறைந்த பெண் கேட்டாள்: "யாருது சார் இது?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்? வரை."

வரைந்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உடற்கூறியல் கலைக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது நம் கலை விமர்சனத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துவரும் விவாதம். அதை 'மேற்கு × கிழக்கு', 'பார்ப்பது × பாவிப்பது' என்ற எதிர்வுகளாகவே பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பெண்ணின் கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் வரலாறு வேறு மாதிரி பிரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

1507-08 குளிர்காலம். ஃப்ளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் லியனார்டோ டாவின்ச்சி ஒரு கிழவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். தனக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டதென்றும், உடம்பில் பலவீனம் தவிர வேறு நோவு எதுவுமில்லை என்றும் கிழவர் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் படுக்கையில் உட்கார்ந்தபடியே அமைதியாக இறந்துபோகிறார். இவ்வளவு இதமான சாவுக்கு என்ன காரணம் என்று பார்க்க லியனார்டோ அவரை அறுத்துப் பார்க்கிறார். சுருங்கித் தடித்த ரத்தக் குழாய்களைக் குறித்துவைக்கிறார். அப்போது அவருக்கு வயது 55. வயது வந்த பிறகு பாடம் படிக்கப் போகும் என்போன்றவர்களுக்கு இது ஓர் ஆறுதல். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அறுப்பதற்கு முன்னால் அவர் அந்த மனிதரோடு பேசியிருந்தார். பெயரைக் குறித்துவைக்கவில்லை என்பது உண்மை. என்றாலும் அந்தக் குறிப்பில் பிணத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

பின்னால் வந்த நிறுவனங்களில் இந்தப் பேச்சு நின்றுபோகிறது.

லண்டனில் 1768-இல் ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் உடற்கூறியல் பேராசிரியராக மருத்துவர் வில்லியம் ஹண்டர் அமர்த்தப்பட்டார். பிணங்கள் எங்கிருந்து வந்தன? 1752-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் உடலை அப்படியே புதைக்கக்கூடாது. அறுவைக்குக் கொடுக்கலாம், அல்லது சங்கிலியில் கட்டித் தொங்கவிடலாம். சாவுக்குப் பிறகும் தொடர வேண்டிய தண்டனையாகவே அறுவை வகுக்கப்பட்டது. 1770களின் நடுவில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடல் நல்ல கட்டுடலாக இருந்ததால் ஹண்டர் அதை அகாடமிக்குக் கொண்டுவந்தார். தோலை உரித்து, 'மடியும் கால் வீரன்' என்ற பழைய சிலையின் தோற்றத்தில் கிடத்தி, சிற்பி கார்லினியைக்கொண்டு வார்ப்பு எடுத்தார்கள். அவன் கடத்தல்காரன் என்று கருதப்பட்டதால், கேலியாக ஒரு லத்தீன் வால் ஒட்டி 'ஸ்மக்லேரியஸ்' என்று பெயரும் வைத்தார்கள். பிற்காலத்தில் எடுத்த அதன் படிகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் பார்த்துத் தசைகளைக் கற்றார்கள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'மடியும் கால் வீரன்' சிலையே தோற்கடிக்கப்பட்ட அந்நியன் ஒருவனின் உருவம். தூக்கில் தொங்கியவனுக்கு அவர்கள் தேடிக்கொடுத்த 'கிளாசிக்கல்' தோற்றம் தோற்றவனின் தோற்றம்தான்.

1801-இல் இன்னொன்று நடந்தது. பென்ஜமின் வெஸ்ட், ரிச்சர்ட் காஸ்வே, தாமஸ் பேங்க்ஸ் ஆகிய மூன்று கலைஞர்களுக்கும், சிலுவையில் அறைந்த கிறிஸ்துவை ஓவியர்கள் தவறாகவே வரைகிறார்கள் என்று ஒரு சந்தேகம். ஜேம்ஸ் லெக் என்ற கொலைக் கைதி தூக்கிலிடப்பட்டதும், கார்ப்யூ என்ற சர்ஜனின் உதவியோடு, சூடு ஆறாத உடலைச் சிலுவையில் அறைந்து பார்த்தார்கள். பிறகு தோலை உரித்து வார்ப்பெடுத்தார்கள். அந்த வார்ப்பு இன்றும் இருக்கிறது. தியாகத்தின் உருவத்தைச் சரியாக வரைவதற்காக, தன் உடலைக் கொடுக்கச் சம்மதம் சொல்லாத ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். இதைவிடக் கூர்மையான முரண் கலை வரலாற்றில் அதிகம் இல்லை.

எடின்பரோவில் 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்களில் மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் உடல் அழகாக இருந்ததால், நாக்ஸ் அதை உடனே அறுக்காமல் மூன்று மாதம் சாராயத்தில் ஊறவைத்தார். ஓவியர்கள் வந்து வரைந்துகொண்டார்கள். பர்க் 1829-இல் தூக்கிலிடப்பட்டான். நாக்ஸ் மேல் வழக்கு வரவில்லை. அவர் 1850-இல் மனித இனங்களைத் தரம்பிரிக்கும் ஒரு புத்தகம் எழுதினார். 1852-இல் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமான உடற்கூறியல் கையேடு ஒன்றையும் எழுதினார். விலைக்கு வாங்கிய பிணம், இனவாதம், அழகியல் மூன்றும் ஒரே மேஜையில் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த ஊழலுக்குப் பிறகு வந்ததுதான் 1832-ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம். கொலையாளிகளின் உடலுக்குப் பதிலாக, ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் சாகும், உரிமை கோர ஆளில்லாத உடல்கள் அறுவைக்கு வந்தன. பிணத் திருட்டு நின்றது, சரி. ஆனால் நேற்றுவரை கொலைக்கான தண்டனையாக இருந்தது இன்று வறுமைக்கான தண்டனையாக மாறியது. அதே ஆண்டில் ஜெரமி பெந்தாம் இறந்தார். பானோப்டிகான் சிறைக்குத் திட்டம் போட்ட அதே பெந்தாம்தான். தன் உடலைத் தானே அறுவைக்கு எழுதிவைத்தார். அவர் எலும்புக்கூடு அவருடைய உடைகளை மாட்டிக்கொண்டு, மெழுகுத் தலையோடு, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. பெயரோடு உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடு ஒருபக்கம்; அதே வருடத்துச் சட்டம் கொண்டுவந்த பெயரில்லாத எலும்புகள் மறுபக்கம்.

ஃபூக்கோ 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் (1963) இதைத்தான் வேறொரு தளத்தில் பேசுகிறார். இலவச சிகிச்சைக்கு வரும் ஏழை, அதற்கு ஈடாகத் தன் உடலைப் பார்வைக்குக் கொடுக்கிறான். அங்கே பிறக்கும் அறிவு பிறகு பணக்காரன் வீட்டுக்குப் போகிறது. ஃபூக்கோவின் அக்கறை மருத்துவப் பார்வை. கலை மாணவனின் பார்வையும் அதே மேஜையைச் சுற்றித்தான் நின்றது என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் நிற்க முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஸோஃபனி 1771-72-இல் வரைந்த அகாடமி உறுப்பினர்களின் ஓவியத்தில் ஆண்கள் ஒரு நிர்வாண மாடலைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள், ஹண்டரும் இருக்கிறார். அகாடமியைத் தொடங்கியவர்களில் இருவர் பெண்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அவர்கள் அந்த அறையில் இல்லை. சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக இருக்கிறார்கள். பெண் பார்க்கப்படலாம், பார்க்கக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்துவிட முடியாது.

3

இனி நம் பக்கம்.

'நம்மகிட்ட எல்லாம் அப்பவே இருந்தது' என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. சுஸ்ருத சம்ஹிதையில் உடலைப் படிக்கும் முறை இருக்கிறது, உண்மைதான். முழுமையான ஓர் உடலைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு இரவு வைத்திருந்து, மென்மையான பிறகு தூரிகை போன்ற ஒன்றால் அடுக்கடுக்காகச் சுரண்டிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அந்த மரபுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? தீட்டு என்ற ஒற்றைச் சொல் அதை மூடியது. உடலைத் தொட்டு அறியும் வேலை நாவிதருக்கும், பிரசவம் பார்த்த அவர் வீட்டுப் பெண்களுக்கும், சுடுகாட்டில் நின்றவருக்கும் போனது. எந்த எலும்பு கடைசியில் வேகும் என்று வெட்டியானுக்குத் தெரியும். அந்த அறிவு அறிவாக எண்ணப்படவில்லை, இழிவாக எண்ணப்பட்டது. ஆகவே 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தா பிணத்தின்மேல் கத்தி வைத்ததை 'இந்தியர் செய்த முதல் அறுவை' என்று கொண்டாடும்போது, உயர்சாதிக் கை ஒன்று பிணத்தைத் தொட்டதே அங்கு செய்தியானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835-இல் வந்தது. ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் (லண்டன் ஹண்டர் வேறு, இவர் வேறு). இவரும் ஒரு சர்ஜன். இதை வெறும் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. உடலைத் திறந்து பார்ப்பதும், பார்த்ததை வரைந்து ஆவணமாக்குவதும் அந்தக் காலத்து சர்ஜனுக்கு ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். காலனியக் கலைப்பள்ளிகளில் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை வைத்து வரையச் சொன்னார்கள். உயிருள்ள மாடலை வைத்து வரைவது சென்னையில் வலுப்பெற்றது 1929-இல் முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில். மெரினாவில் 1959-இல் வைக்கப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில் நாம் பார்ப்பது அந்தப் பயிற்சியின் பலனைத்தான். பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகுத் தசையும் கெண்டைக்கால் தசையும் நமக்கு மனப்பாடம். சிற்பியின் பெயரும் தெரியும். அந்த நால்வரை நாம் 'உழைப்பாளர்' என்றே சொல்கிறோம்.

இதற்கு எதிர்வினை கல்கத்தாவிலிருந்து வந்தது. சென்னைப் பள்ளியில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்துவிட்டு 1896-இல் கல்கத்தா போன ஈ.பி. ஹேவல், இந்தியக் கலைக்குத் தசை இலக்கணம் தேவையில்லை, அது கருத்துருவக் கலை என்று வாதிட்டார். 1910-இல் ஜார்ஜ் பேர்ட்வுட் லண்டனில் ஒரு புத்தர் சிலையை வேகவைத்த கொழுப்புப் பலகாரத்தோடு ஒப்பிட்டுப் பேசியபோது விவாதம் சூடானது. அவனீந்திரநாத் தாகூர் 1914-இல் இந்தியக் கலை உடற்கூறியல் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் எலும்பில்லை, தசையில்லை. முகம் முட்டை, கண் மீன், மூக்கு எள்ளுப்பூ, கழுத்து சங்கு, தோள் யானைத் தலை, முழங்கால் நண்டின் ஓடு, தொடை வாழைத்தண்டு. ஒவ்வொன்றுக்கும் படம்.

தமிழ் படித்தவனுக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பழகிய வீடு. பொருநராற்றுப்படையில் பாடினியைக் கூந்தலிலிருந்து பாதம்வரை வருணிக்கும் புலவர் செய்வது இதுதான். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று நாம் வகுப்பில் குறிப்பெடுத்தோமே, அது ஓர் உடற்கூறியல் நூல் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. நவதாளம், உத்தம தசதாளம் என்று ஸ்தபதி போடும் கணக்கும் இதோடு சேர்ந்தது. இந்த உடலில் மூச்சு நிறைகிறது, எலும்பு தெரிவதில்லை. என் ஆசிரியர் கண்டித்ததும் இதைத்தான். நான் படித்ததை வரைந்தேன், என் மரபே படித்ததை வரைகிற மரபு.

இங்கே நின்றுவிட்டால் ஹேவல் ஜெயித்தார், பேர்ட்வுட் தோற்றார் என்று கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் காரைக்கால் அம்மையார் வழியை மறிக்கிறார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் அவர் காட்டும் பேயுடல் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக இருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அம்மையாரைப் பாருங்கள். கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. காறை எலும்பு துருத்தி நிற்கிறது, விலா தெரிகிறது, மூட்டு மூட்டாக இருக்கிறது. இதைச் செய்தவருக்கு எலும்பு தெரியாதென்று யார் சொல்ல முடியும்? தெரியும். சிவகாமிக்குத் தேவையில்லை என்று விட்டார். பேய்க்குத் தேவை என்று வைத்தார். ஆகவே பேர்ட்வுட் கண்ட அறியாமையும் அங்கே இல்லை, ஹேவல் கண்ட தூய கருத்துருவமும் இல்லை. ஒரு பங்கீடு இருக்கிறது: அழகும் ஐசுவரியமும் உள்ள உடலுக்கு எலும்பு கிடையாது, துறந்த உடலுக்கும் ஒதுக்கப்பட்ட உடலுக்கும் மட்டுமே எலும்பு உண்டு.

அம்மையார் அந்த உடலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்காமலே அது கிடைத்தவர்கள் உண்டு. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து எடுத்தவை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தோலை உரிக்காமலே எலும்பு தெரிந்த உடல்கள். ஸ்மக்லேரியஸைக் கிடத்தியவர்களுக்கும் இவர்களை வரிசையாக உட்காரவைத்தவருக்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

4

'மேற்கத்திய உடற்கூறியல்' என்கிறோம். அந்த மேற்கின் மருத்துவப் பள்ளிகளிலும் கலைப்பள்ளிகளிலும் தொங்கிய எலும்புக்கூடுகள் எங்கிருந்து போயின? பெருமளவு கல்கத்தாவிலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்த வணிகம், 1985-இல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை வெளிப்படையாகவே நடந்தது. ஏழைகளின் உடல்கள், அவற்றைச் சேகரித்துச் சுத்தம் செய்த டோம் சாதியினரின் கைகள், பாலிஷ் போட்டு அனுப்பிய கம்பெனிகள், கடல்கடந்த வகுப்பறைகள். சுதேசிய அழகியலும் மேலை யதார்த்தமும் மேடையில் மோதிக்கொண்டிருந்த அதே நகரத்தில், அந்த யதார்த்தத்துக்கான மூலப்பொருள் பெட்டி பெட்டியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேற்கு, கிழக்கு என்ற எதிர்வால் இந்தப் பெட்டியைப் பார்க்க முடியாது.

தமிழில் 'கேட்பாரற்ற பிணம்' என்கிறோம். நல்ல சொல், உண்மையைச் சொல்லிவிடுகிற சொல். ஓர் உடலை அறுவைக்கு உரியதாக ஆக்குவது அதன் குற்றமோ நோயோ அல்ல. அதைக் கேட்க ஆள் இல்லாததுதான். 1832-இன் ஆங்கிலச் சட்டம் இதை அடிப்படையாக வைத்தது. 1951-ஆம் ஆண்டின் சென்னை உடற்கூறியல் சட்டமும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது.

அப்போ எலும்பு படிக்கக்கூடாதா, மருத்துவம் வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. அந்த மண்டை ஓட்டை வரைந்த பிறகுதான் மனித முகத்தைப் பார்க்கவே ஆரம்பித்தேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கன்ன எலும்பு இப்போது எனக்குத் தெரிகிறது. இந்த லாபத்தை மறைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவது பொய். விரும்பி உடலைக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. 2010-இல் ஜோதிபாசு அப்படிக் கொடுத்தார். கேள்வி, பார்க்கிற பார்வை தன் கடனை ஒத்துக்கொள்கிறதா என்பதுதான்.

ஒத்துக்கொண்ட ஓர் ஓவியரைச் சொல்லலாம். 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத் மிதுனபூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து வரைந்தார். முறையான கலைப்பள்ளிப் படிப்பு இல்லாதவர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 'பசித்த வங்காளம்' என்று அந்தப் படங்கள் நூலாக வந்தபோது அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. விலாவும் மண்டையோடும் அந்தப் படங்களிலும் இருக்கின்றன. எந்தக் கலைப்பள்ளி மாணவனுக்கும் குறையாத துல்லியம். ஆனால் அவர் விசாரித்தார். நாயும் நரியும் விட்டுவைத்த ஓர் உடலை வரைந்தபோது, அது க்ஷேத்ரமோகன் நாயக் என்ற விவசாயி என்று குறித்துவைத்தார். ஸ்மக்லேரியஸ் என்ற பெயருக்கும் க்ஷேத்ரமோகன் நாயக் என்ற பெயருக்கும் நடுவில்தான் கலை உடற்கூறியலின் அறம் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்த ஒரு நாள் ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நானும் கேட்டுப் பாத்தேன் சார். எனக்குக் குடுத்த பையன் அவன் சீனியர் பேரச் சொன்னான். அந்த சீனியர் இன்னொருத்தர் பேரச் சொன்னார். அதுக்கு மேல போகல" என்றார். 'அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்' என்று அன்றைக்குச் சொன்னவர் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது புது மாணவர்கள் வரும்போது, மண்டை ஓட்டை மேஜைமேல் வைத்ததும் பென்சிலை எடுக்கவிடுவதில்லை. பத்து நிமிஷம் இந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார், என்னை. லியனார்டோவிடம் பேசிய கிழவரில் தொடங்கி கல்கத்தாத் துறைமுகம்வரை சொல்கிறேன். பிறகு வரைகிறோம்.